அருவிக்கரையில் எழுதிய தீர்ப்பு

நீ பொய் எழுதி ஒரு பெண்ணின் வேலையைப் பறித்திருக்கிறாய். எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் நடந்தது இதுதான். ‘சக மருத்துவர்களின் மதிப்பாய்வு’, ‘ஒருமித்த முடிவு’, ‘பணி மருத்துவரின் கவனக்குறைவு உறுதியாகிறது’ என்றெல்லாம் நீங்கள் டாக்டர்கள் சேர்ந்து நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். நான் காவல்துறையில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். நல்ல நடையில் எழுதப்பட்ட பொய்களைப் படித்துப் படித்தே தலை நரைத்தவள். என் மகன் எழுதியது என்பதற்காக அது உண்மையாகிவிடாது.

வீட்டுக்குள்ளேயே பேசி முடிக்கத்தான் பார்த்தேன். நீ பேச விடவில்லை. வாயைத் திறந்தாலே, “அம்மா, அது கான்ஃபிடென்ஷியல். ஒங்கிட்ட அதப் பத்திப் பேசுததே தப்பு” என்று எழுந்து போனாய். உன் அப்பா வேறு, தென்னந்தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் போகாமல் வாசலிலேயே நின்றுகொண்டு, “பிள்ள லண்டனுக்குப் போற நேரத்துல ஏன்ட்டி அவன் வாயக் கிளறுத? போலீஸ் புத்தி போவுதா பாரு” என்றார். போகாது. போக வேண்டிய அவசியமும் இல்லை. அதனால் ஊரறிய எழுதுகிறேன். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லவில்லை, உன் பெயரையும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு மட்டும் பர்ஸானா என்று வேறொரு பெயர் வைத்துக்கொள்கிறேன். ஏற்கெனவே நீங்கள் நாறடித்த பெயரை நானும் தெருவில் இழுக்க வேண்டாம்.

உனக்குத் தெரிந்ததைத்தான் சொல்லப் போகிறேன். ஆனாலும் வரிசையாகச் சொல்கிறேன். நீங்கள் வரிசையை மாற்றித்தானே இத்தனையும் செய்தீர்கள். இலத்தூர்க்கார அம்மா ஒருவருக்குப் பித்தப்பையில் கல். நீ பெரிய டாக்டர் என்று கூப்பிடும் உன் தலைமை சர்ஜன் சனிக்கிழமை அவருக்கு ஆபரேஷன் செய்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாரல் நன்றாகக் கட்டியிருந்த நாள். நீயும் அவரும் இன்னும் சில டாக்டர்களும் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனீர்கள். ஃபோன்களைக் காரில் வைத்துப் பூட்டிவிட்டு இறங்கினீர்கள். தண்ணீருக்குள் ஃபோனைக் கொண்டுபோக முடியாது, சரி. மதியம் அந்த அம்மாவுக்கு நாடித்துடிப்பு ஏறியது, ரத்த அழுத்தம் இறங்கியது, வயிறு ஊதியது. வார்டில் இருந்த ஒரே டாக்டர் பர்ஸானா. எம்.பி.பி.எஸ். முடித்து வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத பெண். உள்ளே ரத்தம் கசிகிறது என்று சந்தேகப்பட்டாள். சரியாகத்தான் சந்தேகப்பட்டாள் என்று நீயே ஒத்துக்கொண்டாய். குளுக்கோஸ் ஏற்றினாள், ரத்தத்துக்குச் சொன்னாள், நர்ஸ்கள் உட்காரும் இடத்தில் இருந்த லேண்ட்லைனில் இருந்து பெரிய டாக்டரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். வார்டுக்குள் செல்ஃபோன் பயன்படுத்தக் கூடாது என்பது உங்கள் ஆஸ்பத்திரி போட்ட விதி. விதியை மதித்தாள். தன் செல்ஃபோனில் கூப்பிட்டிருந்தால் அதில் அழைப்புகள் பதிவாகியிருக்கும். அதுதான் இன்று அவள் கழுத்தில் கயிறாக இறுகியிருக்கிறது.

அன்று சாயங்காலம் ஈரத்துண்டோடு வீட்டுக்கு வந்து நீ என்ன சொன்னாய்? நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: “அம்மா, பெரிய டாக்டருக்கு இன்னைக்கு நேரமே சரியில்ல. குளிச்சு முடிச்சு வந்து காரத் திறந்தா அவரு ஃபோன் கெடந்து அலறுது. எடுத்துப் பாத்தா ஆஸ்பத்திரி நம்பர்ல இருந்து வரிசையா மிஸ்டு கால். நான்தான் எடுத்துக் கையில குடுத்தேன். மனுசன் இடுப்புல துண்டோடயே வண்டிய எடுத்துட்டாரு.” அவர் துண்டோடு ஸ்டியரிங் பிடித்த விதத்தை நடித்துக்கூடக் காட்டினாய். அப்பாவும் சிரித்தார். அந்த அம்மாவின் நிலைமை எங்கள் யாருக்கும் தெரியாது. மறுபடியும் தியேட்டருக்குள் கொண்டுபோய்த் திறந்திருக்கிறார்கள், திருநெல்வேலிக்கு அனுப்பியிருக்கிறார்கள், அங்கே உயிர் போய்விட்டது. அதற்குப் பிறகு நீ அந்தத் துண்டுக் கதையைச் சொல்வதே இல்லை.

அருவியில் குளிப்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. வாரம் முழுவதும் வயிற்றைக் கிழித்துத் தைக்கிற மனிதன் ஞாயிற்றுக்கிழமை தலையில் தண்ணீர் விழ நிற்கக் கூடாதா? நிற்கட்டும். “நான் ரெண்டு மணி நேரம் இருக்க மாட்டேன், எதுவும்னா இன்னாரைக் கூப்பிடு” என்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். சொல்லவில்லை. சீசன் நேரத்து ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களில் யாருமே சொல்வதில்லை என்றுதான் கேள்விப்படுகிறேன். சக மருத்துவர்கள் கூடி உட்கார்ந்து கண்டுபிடித்திருக்க வேண்டியது இந்த ஒன்றைத்தான். யாரையும் தூக்கில் போடாமல், அடுத்த சாவைத் தடுக்கிற மாதிரி ஒரு வரி. அதற்காகத்தானே அப்படி ஒரு குழுவே இருக்கிறது? ஒரு சர்ஜன் செய்தது சரியா தவறா என்று எனக்கோ உன் அப்பாவுக்கோ தெரியாது, இன்னொரு சர்ஜனுக்குத்தான் தெரியும் என்பதால்தானே உங்களை நீங்களே விசாரித்துக்கொள்ள ஊர் விட்டு வைத்திருக்கிறது? டாக்டர் மேல் கிரிமினல் வழக்கு என்று வந்தால் நாங்களே இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்டுத்தான் மேலே போக வேண்டும் என்று கோர்ட் சொல்லியிருக்கிறது. நீதிபதிக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது, போலீசுக்கும் தெரியாது. உங்கள் கண்ணால்தான் எல்லோரும் பார்த்தாக வேண்டும். அந்தக் கண்ணை நீங்கள் எங்கே வைத்து மூடினீர்கள்? குற்றாலத்தில்.

சீசன் வந்தால் உங்கள் மாதாந்திரக் கூட்டம் குற்றாலத்துக்கு இடம் மாறுவது வழக்கம். ஒரு பங்களா பிடிப்பீர்கள். எண்ணெய் தேய்க்க ஆள் வருவார். குளியல், பரோட்டா, நாட்டுக்கோழி, பிறகு கொஞ்சம் மருத்துவம். போகட்டும், சந்தோஷமாக இருங்கள். ஆனால் ஒரு உயிர் போன வழக்கையும் அங்கேயே எடுத்துக்கொண்டு போனீர்கள். பங்களாவைப் பிடித்துக் கொடுத்தது யார்? பெரிய டாக்டர். கோழிக்குப் பணம் கொடுத்தது? அவர்தான். யாரை விசாரிக்க வேண்டுமோ அவர் இலையில் சாப்பிட்டுவிட்டு அவரை என்ன விசாரிப்பீர்கள்? அவர் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, “சார், அன்னைக்கு ஏன் பதிலுக்கு ஆள் போடாம வந்தீங்க” என்று எவன் கேட்பான்? எல்லோரும் துண்டு கட்டிக்கொண்டு பளபளவென்று நிற்கிற படத்தை நீ ஸ்டேட்டஸில் வேறு போட்டிருந்தாய். நான் அதைப் பார்த்துவிட்டு, சரி, பிள்ளைகள் குளிக்கப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அது விசாரணைக் குழுவின் படம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அந்தக் கூட்டத்துக்குத் தானும் வரட்டுமா என்று பர்ஸானா உன்னிடம் கேட்டிருக்கிறாள். நீதான் குழுவைக் கூட்டுகிறவன். நீ சொன்ன பதிலை அவள் என்னிடம் அப்படியே சொன்னாள்: “அங்கன ஆம்பளைங்கல்லாம் குளிச்சிட்டு நிப்போம்மா. நீ வந்தா ஒனக்கும் சங்கடம், எங்களுக்கும் சங்கடம். நாங்க பாத்துக்கிடுதோம்.” பார்த்துக்கொண்டீர்கள். நன்றாகவே பார்த்துக்கொண்டீர்கள். பெரிய டாக்டர், “எனக்கு விஷயம் லேட்டாத்தான் தெரிஞ்சுது” என்றாராம். அது பொய் இல்லை என்று நீ என்னிடம் வாதாடினாய். அவருக்கு லேட்டாகத் தெரிந்தது வேறு, அவள் தெரிவிக்காமல் இருந்தது வேறு. ‘மூத்த மருத்துவருக்குப் பணி மருத்துவர் உரிய நேரத்தில் தகவல் தரவில்லை’ என்று எழுதியது யார்? கேஸ் ஷீட்டில் அவள் ஃபோன் செய்த விவரத்தைச் சாயங்காலம்தான் எழுதினாள், ஆகவே அது பிறகு ஜோடித்தது என்று ஒரு வாதம் வேறு. மதியம் முழுவதும் அவள் நோயாளியின் பக்கத்தில் நின்றாள். பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் உங்களுக்குத் திருப்தியாக இருந்திருக்கும். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், நீயும் போட்டாய். மற்றவர்களாவது தெரியாமல் போட்டிருக்கலாம். நீ அந்த ஃபோனைக் கையில் எடுத்துக் கொடுத்தவன்.

அதற்குப் பிறகு அந்த அம்மாவின் சொந்தக்காரர்கள் இலத்தூரில் இருந்து வண்டி பிடித்து வந்து ஆஸ்பத்திரி முன்னால் ரோட்டில் உட்கார்ந்தார்கள். உங்கள் மேனேஜர் வெளியே வந்து என்ன சொன்னார்? “டாக்டருங்க கமிட்டி வச்சு விசாரிச்சாச்சு. அந்த டூட்டி டாக்டர் பொண்ணுதான் காரணம். வேலைய விட்டுத் தூக்கியாச்சு. மேல மருத்துவ கவுன்சிலுக்கும் எழுதியாச்சு.” கூட்டம் கலைந்துவிட்டது. உன்னிடம் கேட்கிறேன், அம்மாவிடம் சொல்லக் கூடாத ரகசியம் ரோட்டில் உட்கார்ந்தவர்களிடம் மட்டும் எப்படிச் சொல்லக்கூடியதாக ஆனது? மூடிய அறையில் டாக்டர்கள் பயமில்லாமல் பேச வேண்டும், பேசியது வெளியே போனால் நாளைக்கு எவனும் தன் தப்பை ஒத்துக்கொள்ள மாட்டான் என்றாய். அதை நான் மறுக்கவே இல்லை. தெரிந்த வக்கீல் ஒருவரிடமும் கேட்டேன். அப்படிப் பேசியதற்கு நம் நாட்டில் தெளிவான சட்டப் பாதுகாப்பு இல்லை, கோர்ட் கேட்டால் கொடுக்க வேண்டி வரலாம் என்றுதான் அவரும் சொன்னார். உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த பங்களாவில் எவன் தன் தப்பை ஒத்துக்கொண்டான்? உண்மை பேசுவதற்காகக் கொடுத்த மறைவு அது. உண்மை பேசாதவனுக்கு அந்த மறைவு எதற்கு? தீர்ப்பு மட்டும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வரலாம், அந்தத் தீர்ப்புக்கு எப்படி வந்தீர்கள் என்பது மட்டும் உள்ளேயே கிடக்க வேண்டும் என்றால் அதற்குப் பெயர் ரகசியம் இல்லை.

இறந்துபோன அம்மாவின் வீட்டுக்காரர் நம் வீட்டுக்கு வந்தார். நான் இந்தப் பக்கத்தில் வேலை பார்த்தவள் என்பதால், போலீசில் எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்க வந்தவர். நான் உன் அம்மா என்று அவருக்குத் தெரியாது. நாற்காலியில் உட்காரவே இல்லை. “அம்மா, அந்தப் பிள்ளதான என் வீட்டுக்காரி கையப் பிடிச்சிக்கிட்டு நின்னுச்சு? அங்கனயும் இங்கனயுமா ஓடி ஓடி ஃபோன் பண்ணிச்சே. அதையா தப்புன்னு சொல்லுதாவ?” என்றார். அவரை உங்கள் குழு கேட்டதா என்றேன். “என்னைய எதுக்கும்மா கேக்கப் போறாவ” என்றார். யாருக்கு ஃபோன் போனது, அங்கே மணி அடித்ததா என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. அது தெரிந்தவன் இந்த வீட்டில்தான் மாடியறையில் சூட்கேஸில் குளிர் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். “அந்தப் பிள்ளையத் தொந்தரவு பண்ண நான் வரல. என் வீட்டுக்காரிக்கு என்ன நடந்துச்சுன்னு சொன்னாப் போதும்” என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் இத்தனை பேர் படித்த படிப்புக்கு அவருக்கு இதைச் சொல்ல ஓர் ஆள் இல்லை.

போலீஸ்காரி நியாயம் பேசுகிறாளா என்று நீ நினைப்பாய். நினை. காவல்துறை யோக்கியமானது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. எங்களில் ஒருவனை ஒருவன் காப்பாற்றுவதில் உங்களுக்கு நாங்கள் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் எங்களிடம் ‘பதினேழு பி’ என்று ஒன்று உண்டு. பெரிய தண்டனை வரக்கூடிய துறை விசாரணை. அந்த மெமோ கைக்கு வந்தால் எந்த ஏட்டுக்கும் அன்று சோறு இறங்காது. நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது எனக்கு அது வந்தது. மகளிர் ஸ்டேஷனில் ஒரு வரதட்சணைப் புகாரில் நான் பெண் வீட்டாருக்குச் சாதகமாக நடந்தேன் என்று மாப்பிள்ளை வீட்டார் மேலே எழுதிப் போட்டிருந்தார்கள். விசாரிக்க வந்த டி.எஸ்.பி. கடுமையான ஆள், எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதவர். வந்து உட்கார்ந்ததும் மாப்பிள்ளை வீட்டாரின் பெயரைப் பார்த்தார். “இவங்க எனக்கு சம்பந்தக்காரங்க வகை. நான் இத விசாரிக்கக் கூடாது” என்று ஃபைலை மூடி அனுப்பிவிட்டார். பிறகு வந்தவர் என்னை நிற்க வைத்து, குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, எனக்கு எதிராகப் பேசியவர்களை நானே குறுக்குக் கேள்வி கேட்கலாம் என்றார். கேட்டேன். குற்றச்சாட்டு நிற்கவில்லை. அதனால்தான் உன் படிப்புக்கு என் சம்பளம் தடையில்லாமல் வந்தது. லஞ்சம், அடி, பொய் வழக்கு என்று ஊர் காறித் துப்புகிற ஒரு துறையில் இந்த அளவுக்காவது இருக்கிறது. சாட்சியே நீதிபதியாக உட்காரக் கூடாது, குற்றம் சாட்டப்பட்டவர் இல்லாமல் விசாரணை கூடாது. இது கான்ஸ்டபிளுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதா?

உனக்கே தெரியும். ஒன்பதாம் வகுப்பில் லேபில் ஏதோ கண்ணாடிக் கருவி உடைந்தது. உன்னைத்தான் சொன்னார்கள், டி.சி. கொடுக்கப்போவதாகப் பேச்சு. நான் யூனிஃபார்மோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். ஹெட்மாஸ்டர் பதறிப்போய், “மேடம், விட்டுருவோம் மேடம்” என்றார். “விடுங்கன்னு நான் கேக்கல சார். அவனக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்க. கேட்டுட்டு என்ன வேணாலும் செய்யுங்க” என்றேன். உன்னைக் கூப்பிட்டார்கள். ஒருவரும் மிரட்டவில்லை. ‘என்னடே நடந்துச்சு’ என்றுதான் அவர் கேட்டார். நீ, “நான்தான் சார் உடைச்சேன்” என்று சொல்லிவிட்டாய்! என் மானம் போயிற்று. ஆனால் வண்டியில் வரும்போது எனக்குக் கோபம் வரவில்லை. கேட்டால் உண்மை சொல்கிற பிள்ளை என்று நினைத்தேன். அது எந்த வருஷத்தில் உன்னைவிட்டுப் போனது என்று எனக்குத் தெரியவில்லை. மருத்துவக் கல்லூரியிலா, பெரிய டாக்டரின் காரிலா, லண்டன் பயிற்சிக்கு அவர் உனக்குக் கொடுத்த சிபாரிசிலா?

ஆமாம், அந்தச் சிபாரிசு. அது இல்லாமல் உனக்கு அந்த இடம் கிடைத்திருக்காது என்று நீயே சொன்னாய். அவர் கையில் உன் எதிர்காலம் இருக்கும்போது அவர் விஷயத்தில் நீ எப்படி நடுநிலையாக இருப்பாய்? இதற்கு நீ கெட்டவனாக இருக்க வேண்டியதே இல்லை, சாதாரண மனிதனாக இருந்தாலே போதும். அதனால்தான் சாதாரண மனிதன், “என்னை இதில் போடாதீங்க” என்று விலகிக்கொள்கிறான். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை.

பர்ஸானா போன வாரம் வந்தாள். கடையநல்லூரில் இருந்து பஸ்ஸில் வந்தாள். அவள் வாப்பா சவூதியில் இருக்கிறார். அந்தக் குடும்பத்தில் முதல் டாக்டர் இவள்தான். தென்காசியில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், “கவுன்சில் முடிவு வரட்டும்” என்கிறார்களாம். “வாப்பா தினமும் கேக்குதாங்க மேடம், டூட்டிக்குப் போனியான்னு. போயிட்டு வந்தேன்னு சொல்லுதேன்” என்றாள். பிறகு, “நான் ஒங்க மகன் மேல குத்தம் சொல்ல வரல. கமிட்டி இன்னொரு தடவ கூடி என்னையும் கேக்கணும்னு அவருகிட்ட நீங்க சொன்னாப் போதும்” என்றாள். அவளுக்கு அதுவரை தெரியாது. நான்தான் சொன்னேன், அந்த ஃபோனைக் காரில் இருந்து எடுத்துக் கொடுத்தது என் மகன்தான் என்று. அவள் அழவில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அப்போ அவருக்குத் தெரிஞ்சேவா மேடம் எழுதுனாரு?” என்று கேட்டாள். நான் எத்தனையோ பேரை விசாரித்திருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

கவுன்சில் விசாரணை சென்னையில் நடக்கப்போகிறது. அவள் டாக்டர் பதிவை நிறுத்தி வைக்கலாமா என்றுதான் பார்க்கப்போகிறார்கள். லேண்ட்லைனில் இருந்து போன அழைப்புகளின் விவரம் தங்களிடம் இல்லை என்று உங்கள் ஆஸ்பத்திரி சொல்லிவிட்டது. டெலிஃபோன் கம்பெனியிடம் கோர்ட் மூலமாக வாங்கலாம், அதற்குள் அவள் கையில் பதிவு இருக்காது என்கிறார் வக்கீல். நர்ஸ்கள் அங்கேயே வேலை பார்க்கிறார்கள், வாய் திறக்கமாட்டார்கள். நான் போய்ச் சொல்லத்தான் போகிறேன். அதை உன்னிடம் மறைக்கவில்லை. ஆனால் நான் சொல்வது கேள்விப்பட்ட சாட்சி. என் மகன் அடுப்படியில் வைத்துச் சொன்னான் என்று நான் சொன்னால், உங்கள் வக்கீல், “உங்க மகன் எங்கம்மா” என்பார். லண்டனில் இருக்கிறான் என்று சொல்ல வேண்டும். விசாரணைக்கு முந்தின நாள்தான் உன் விமானம்.

நேற்று நீ விசா வேலையாகச் சென்னையில் இருந்தபோது ஃபோனில் கூப்பிட்டேன். எடுத்தாய். “டிக்கெட்ட மாத்துலே. ஒரு நாள் தள்ளிப் போ. விசாரணைக்குப் போயி, ஃபோன் வந்துச்சு, நான்தான் எடுத்துக் குடுத்தேன்னு சொல்லிட்டு அடுத்த வண்டி ஏறு” என்றேன். ஃபோனை வைத்துவிட்டாயோ என்று பார்த்தேன், வைக்கவில்லை. உன் பக்கத்தில் யாரோ காப்பியா டீயா என்று கேட்டது எனக்குக் கேட்டது. நீ அதற்குக் காப்பி என்றாய்.

எனக்குப் பதில் சொல்லு. டிக்கெட்டை மாற்றுவாயா, மாட்டாயா?